பதினாலு நாள் மாத்திரை

நான்காவது முறையாகக் கம்பிக்காரரின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் வைத்தபோது, பார்க்காமலே எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பார்த்தேன். அதுவேதான். வீங்கிய சிவப்பணு, அதன் நடுவே ஓரம் பிய்ந்த துணித்துண்டு மாதிரி ஒரு நீலம், சுற்றிலும் பொடிப்பொடியாக இளஞ்சிவப்புப் புள்ளிகள். பதினெட்டு வருடமாகச் சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்கிறவள் நான். மலேரியாவில் இந்த வகை பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. ஆனால் லேசில் விட்டும் போகாது. மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை, பனியில் ஒரு தடவை, இதோ வெயில் ஏறுகிற நேரத்தில் மறுபடியும்.

நான் குடியிருப்பது அவர் வீட்டு மாடியில். கீழே மூன்று பேர். கட்டடங்களில் இரும்புக் கம்பி வளைத்துக் கட்டுகிற வேலை செய்ததால் அவர் கம்பிக்காரர். அவருடைய அக்கா பள்ளிச் சீருடை தைப்பவர். தெருவே தையலக்கா என்று கூப்பிட்டது. மனைவி, விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அக்கா அவளைச் சின்னவளே என்று அழைக்கப் போய், எனக்கும் அவள் சின்னவள் ஆகிவிட்டாள். கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை.

தையலக்காவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. தம்பிக்கு ஐந்து வயதாக இருக்கும்போது தாய் போய்விட, மிதி இயந்திரத்தை மிதித்தே அவரை ஆளாக்கியவர். அளந்துதான் பேசுவார். துணியை வெட்டும்போது உதட்டை மடித்துக்கொள்வார். வெட்டி முடித்த பிறகும் அந்த உதடு அவ்வளவு எளிதில் விரியாது.

காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள், பிற்பகல் மூன்று மணிக்கு, சொல்லி வைத்த மாதிரி வரும். முதலில் நகக்கண் வெளுக்கும். பிறகு குளிர். வெயிலில் காய்ந்த கம்பியைத் தொட்டால் கை பொள்ளும் இடத்தில் நின்றுகொண்டு மனிதர் பல் கிட்டி நடுங்குவார். ஒரு மணி நேரம் குளிர், இரண்டு மணி நேரம் சூடு, அப்புறம் பாயே நனைகிற வியர்வை. ஏழு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்பார். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலைக்குப் போவார்.

இந்தத் தடவை அது பதினோராவது மாடியில் வந்தது. தூண் கம்பிகளுக்குக் குறுக்கு வளையம் கட்டிக்கொண்டிருந்தார். கீழே இறங்க ஏணிதான். நடுங்குகிற காலோடு இறங்க முடியாது என்று தெரிந்துவிட்டது. இடுப்பில் தொங்கிய கட்டுக்கம்பிச் சுருளிலிருந்து நாலு முழம் எடுத்து, இடுப்புப் பட்டையைத் தூணோடு சேர்த்து முறுக்கிக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு மணி நேரம். மேஸ்திரி பார்த்துவிட்டு ஆள் அனுப்பி இறக்கினார். இனிமேல் இந்தக் காய்ச்சல் வேரோடு போனதாக எழுதி வாங்கி வந்தால்தான் மேலே ஏற்றுவேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். கூட வேலை செய்தவர்களில் இரண்டு பேர், குடித்துவிட்டுத் தடுமாறுகிறான் என்றும் சொன்னார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

அன்று சாயங்காலம் சின்னவள் மாடிக்கு வந்தாள். அவள் மேல் எப்போதும் வெந்த துணியின் வாசனை இருக்கும். ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, எந்தக் கொசு இப்படித் தேடித் தேடி வந்து கடிக்கிறது என்று கேட்டாள்.

"புதுக் கொசு கடிக்கணும்னு இல்ல," என்றேன். "முதல் தடவை கடிச்சப்பவே கொஞ்சம் கிருமி கல்லீரலுக்குள்ள போய்ப் படுத்துக்கும். தூங்கிட்டே இருக்கும். ஒரு மாசமோ, ஆறு மாசமோ கழிச்சு எழுந்து ரத்தத்துக்கு வரும். அப்பதான் காய்ச்சல்."

"மாத்திரைதான் சாப்பிட்டாரே?"

"மூணு நாள் மாத்திரை ரத்தத்துல இருக்கறத மட்டும்தான் கொல்லும். தூங்குறதுக்கு வேற மாத்திரை. அதான் அந்தப் பதினாலு நாள் மாத்திரை. அத முழுசா சாப்பிட்டாரா?"

ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று அடித்துச் சொன்னாள். காலை ஐந்தரைக்கு அவள் வேலைக்குப் போய்விடுவாள். அதனால் அண்ணிதான், தையலக்காதான், கொடுப்பார். அண்ணி எதையாவது மறந்து பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்ததில்லை. மாத்திரையே வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழேயிருந்து சின்னவள் கூப்பிட்டாள். கத்தவில்லை. அந்தக் குரலே என்னை இரண்டிரண்டு படியாக இறங்க வைத்தது. தைக்கும் இயந்திரத்தின் இழுப்பறை திறந்து கிடந்தது. தன் சட்டைக்கு ஒரு பொத்தான் தேடி, பழைய தகர டப்பாவைத் திறந்திருக்கிறாள். பொத்தான்களுக்கு அடியில் மாத்திரை அட்டைகள். மூன்று தடவை கொடுத்த பதினாலு நாள் மாத்திரைகள், நாற்பத்திரண்டும் அப்படியே. ஒன்றைக்கூட உடைக்கவில்லை.

கம்பிக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா உள்ளங்கையில் வைத்ததைத் தினமும் விழுங்கியதாகவும், அது வேறு எதுவாகவும் இருக்கும் என்று நினைக்கவே இல்லை என்றும் சொன்னார். அது என்னவென்று எனக்குத்தான் தெரிந்தது. உடம்பு அசதி என்று அக்கா சொன்னபோதெல்லாம் நானே சுகாதார நிலையத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த சத்து மாத்திரை.

சின்னவள் கேட்டாள். "எதுக்கு அண்ணி?"

அக்கா சிதறிக் கிடந்த பொத்தான்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

"அவரு பதினோராவது மாடியில தன்னையே கட்டிக்கிட்டு நின்னாரு. விழுந்திருந்தா? நான் வந்ததுலேர்ந்து அவரு எனக்குப் புருஷனா ஆகறது உங்களுக்குப் பிடிக்கல. நோயாளியா உங்க மடியிலயே கிடக்கணும், அதானே?"

"சின்னவளே, அந்த மாத்திரை மட்டும் வேணாம்," என்றார் அக்கா. அவ்வளவுதான்.

நானும் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. உங்கள் மூடநம்பிக்கைக்கு ஓர் ஆளின் பிழைப்பே போகிறது, கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகாவது காரணம் சொல்லக் கூடாதா என்று, வயதில் மூத்தவரை நிற்க வைத்துப் பேசினேன். என் பதினெட்டு வருட அனுபவத்தையும் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அக்கா கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டார். சீருடைக் கடைக்காரரின் பின்னறையில் தங்கிக்கொள்வதாகத் தம்பியிடம் சொன்னார். தம்பி, "அக்கா, இரு," என்றார். எழுந்து போய்த் தடுக்க அவரால் முடியவில்லை. அது காய்ச்சல் நாள்; மூன்று மணி ஆகி, குளிர் தொடங்கிவிட்டிருந்தது. சின்னவள் ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். டாக்டர் புதிதாக எழுதித் தந்த மாத்திரைகளைத் தன் கையாலேயே திங்கள் காலையிலிருந்து கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அதுதான் சரி என்றேன்.

திங்களன்று சுகாதார நிலையத்தில் கூட்டம். ரத்தம் கொடுக்க நிற்கிற வரிசையில் ஒன்பதாவது ஆளாகத் தையலக்கா நின்றிருந்தார். முன்னால் வரச் சொன்னேன். தலையசைத்து மறுத்துவிட்டு முறை வரும்வரை நின்றார். முறை வந்ததும் எதிரே உட்கார்ந்து, எல்லாரையும் போலக் கையை நீட்டினார்.

"உங்களுக்கென்ன அக்கா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிடறேன்." நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். "தம்பிக்கு மேல எங்களுக்கு ஒரு அண்ணன் இருந்தான்."

எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் அவருடைய படம்கூடக் கிடையாது.

"இருபத்திரண்டு வயசு. கல் உடைக்கிற எடத்துல வேலை. இதே மாதிரிதான், ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர். அம்மா வேலைக்கு வெளியூர் போயிருந்தாங்க. எனக்கு அப்ப பதினேழு, முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்து, முழுசா முடிக்கணும், நடுவுல விடக் கூடாதுன்னாங்க. நான் சரின்னேன். முதல் நாள் ஒண்ணுமில்ல. ரெண்டாம் நாள் சாயங்காலம், மூத்திரம் கறுப்பா போகுதுன்னான். காய்ச்சல் சூடுன்னு நினைச்சேன். மூணாம் நாள் கண்ணு மஞ்சளாயிடுச்சு. மாத்திரை வேணாம், அத முழுங்கினா உசிரு போற மாதிரி இருக்குன்னான்."

எனக்குப் பின்னால் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் ஓடி நின்றது. அடுத்த ஆளின் குப்பியை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"நான் விடல. அடம் பிடிக்காதேன்னு தாடையப் பிடிச்சு, வாயில போட்டுத் தண்ணி ஊத்தினேன். நாலாம் நாளும், அஞ்சாம் நாளும். எந்திரிச்சு உக்காரக்கூட முடியாதவன்கிட்ட என்ன பலம் இருக்கும்? முழுங்கிட்டான். ஆறாம் நாள் காலைல போயிட்டான். மஞ்சக்காமாலைன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் ஆமான்னுட்டேன்."

முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மாகிட்ட சொல்லல. தம்பிகிட்டயும் சொல்லல. அண்ணனக் கொன்னவ கையால சோறு சாப்பிடுவானா? நீங்க படிச்சவங்க, என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அந்த அட்டையப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு. பேரு மாறியிருக்கு, டப்பா மாறியிருக்கு. அடியில பொடி எழுத்துல போட்டிருக்கிற மருந்து ஒண்ணுதான்."

சில உடம்புகளில் பிறவியிலேயே ஒரு நொதி குறைவு. சிவப்பணு சிதையாமல் காப்பது அது. சாதாரணமாக ஒரு தொந்தரவும் தெரியாது. ஆயுசு முழுக்கத் தெரியாமலே வாழ்ந்துவிடலாம். ஆனால் தூங்குகிற கிருமியைக் கொல்லும் அந்த மாத்திரை உள்ளே போனால், ரத்தம் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும். உடைந்தது கறுப்பாகச் சிறுநீரில் போகும். தாய் வழியாக மகன்களுக்கு வரும் குறை. பரீட்சைக்குப் படித்தது. எங்கள் நிலையத்தில் அதற்குச் சோதனை வசதி இல்லாததால், சிறுநீர் கறுத்தால் நிறுத்திவிட்டு வரச் சொல்லி அனுப்புவோம். அதைக்கூடக் கூட்ட நேரத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

சின்னவளுக்குப் போன் போட்டேன். காலையில் ஒன்று கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"இனிமே குடுக்காத. நான் சொல்ற வரைக்கும் தொடாத."

"நீங்களும் அண்ணி பக்கம் சாஞ்சிட்டீங்களா?"

"பக்கமெல்லாம் இல்ல. உங்க அண்ணி இங்கதான் இருக்காங்க. சொல்றத ஆற அமரக் கேளு," என்று சொல்லி, போனை அக்காவிடம் கொடுத்தேன். அக்கா அதைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய் வேலியோரம் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. வெகு நேரம் பேசினார். ஆறு வருடத்தில் அந்த இருவரும் அத்தனை நேரம் பேசியிருக்க மாட்டார்கள்.

பிற்பகல் கம்பிக்காரரின் ரத்தத்தை எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டுபோனேன். இரண்டு பேருந்து. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஞாயிறன்று நான் பேசிய ஒவ்வொரு சொல்லும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

அங்கே சோதனை செய்தவர் என்னைப் போலவே கண்ணாடி போட்ட, பேச்சு குறைந்த மனிதர். மருந்தில் கலந்த ரத்தத்தை வடிதாளில் பொட்டு வைத்துக் காய விட்டார். ஒன்று கம்பிக்காரருடையது, இன்னொன்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு யாருடையதோ. இருட்டுப் பெட்டிக்குள் வைத்து ஊதா விளக்கைப் போட்டார். குறையில்லாத ரத்தம் அந்த வெளிச்சத்தில் ஒளிரும். வலப்பக்கப் பொட்டு மின்மினி மாதிரி நீலமாக எரிந்தது. இடப்பக்கத்தில் பொட்டு வைத்த இடமே தெரியவில்லை.

"நல்ல வேளை, பதினாலு நாள் குடுக்காம இருந்தீங்க," என்றார் அவர், எழுதிக்கொண்டே. நான் அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது சாயங்கால வெளிச்சம் மிச்சமிருந்தது. அக்கா வீட்டுக்குள் வராமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் உள்ளே நிலைப்படியில். இருவருக்கும் நடுவே ஆறிப்போன இரண்டு டம்ளர் டீ. கம்பிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். எல்லாம் அவரிடமும் சொல்லப்பட்டுவிட்டது என்று தெரிந்தது.

சோதனையில் கண்டதைச் சொன்னேன். அந்த மாத்திரையை அவருக்குத் தினமும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னேன். சின்னவள் தன் கை இரண்டையும் திருப்பிப் பார்த்தாள். அன்று காலை மாத்திரை கொடுத்த கை.

அக்கா கேட்டார். "அப்ப அண்ணன் போனது மாத்திரையாலதான். இல்லையா?"

இல்லை என்று சொல்ல ஒரு கணம் நாக்கு எழுந்தது. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் செத்தவரின் ரத்தத்தை யார் பார்த்தார்கள்? காமாலையாகக்கூட இருந்திருக்கலாம் என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் அந்த முகத்தின் முன் பொய் நிற்காது.

"அப்படித்தான் இருக்கும் அக்கா. ஆனா உங்களுக்குத் தெரியாது. எழுதிக் குடுத்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது."

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. வேணாம்னு சொன்னான்."

அக்கா தம்பியைப் பார்த்துச் சொன்னார். "இத்தனை வருஷமா எனக்கு மட்டும்தான் இது தெரியும். சில நேரம், நானா கற்பனை பண்ணிக்கிட்டேனோ, எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சோன்னு இருக்கும். இப்ப நாலு பேருக்குத் தெரியுது." அழுகை என்று சொல்ல முடியாது. நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

கம்பிக்காரர் படியில் இறங்கி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். "சோறு போடுக்கா, பசிக்குது," என்றார். அது காய்ச்சல் நாளும் இல்லை, சாப்பாட்டு நேரமும் இல்லை.

சின்னவள் அவ்வளவு எளிதில் இறங்கிவிடவில்லை. "இத முன்னாடியே சொல்லியிருந்தா நாலாவது காய்ச்சல் வந்திருக்காது. உங்க மேல எனக்குக் கோபம் போகல அண்ணி," என்றாள். அக்கா, "போக வேணாம்," என்றார். சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். சின்னவள் பின்னாலேயே போனாள். வெங்காயம் நறுக்குகிற சத்தம் இரண்டு கையாகக் கேட்டது.

இப்படிப்பட்ட உடம்புக்கும் வழி உண்டு. தினமும் கொடுப்பதற்குப் பதில் வாரம் ஒருமுறை, எட்டு வாரம், ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். அங்கேயே ஞாயிறு காலை சாப்பிட வேண்டும். செவ்வாயன்று நான் ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், பார்க்க வேண்டும். சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும். அபாயம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. முடிவு உங்களுடையது என்றார்.

வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் எல்லாருக்கும் காரணம் இருந்தது. சின்னவள்கூடத் தயங்கினாள். தரையில் நின்று செய்கிற வேலை எத்தனையோ இருக்கிறது, காய்ச்சல் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்றாள். சரி என்று சொன்னது அக்காதான்.

"வருஷம் பூரா உடைஞ்சு உடைஞ்சு சாகறதுக்கு, கண்ண வெச்சுப் பாத்துக்கிட்டே குடுக்கலாம். அன்னைக்கு நான் பாக்கல. மாத்திரையத்தான் எண்ணினேன், அவனப் பாக்கல." பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "ஆனா என் கையால வேணாம்."

முதல் ஞாயிறு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துச் சின்னவள் கொடுத்தாள். மூன்று மாத்திரை. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் பார்க்காமல் ஒரு கண்ணாடிப் புட்டியையே பார்த்தார்கள். அவர் சிறுநீரைப் பிடித்துக் குளியலறை ஜன்னலில் வைப்பார். அக்கா வெளியே போய் நின்று, வெயிலில் வைத்து நிறம் பார்ப்பார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. சீருடைத் துணியில் நூலின் நிறம் பொருந்துகிறதா என்று பார்க்கிற அதே கண்.

"என் மூத்திரத்துக்கு இந்த வீட்டுல இருக்கிற மரியாதை எனக்கு இல்ல," என்றார் கம்பிக்காரர். சின்னவள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

இரண்டாம் வாரம் நிறம் கொஞ்சம் அடர்ந்தது. கறுப்பு இல்லை; கடுந்தேநீர் மாதிரி. செவ்வாயன்று ரத்த அளவு பன்னிரண்டிலிருந்து பத்தரைக்கு இறங்கியிருந்தது. அக்கா அன்று தைக்கவில்லை. தம்பியின் கீழிமையை இழுத்துப் பார்ப்பதும் ஜன்னலுக்குப் போவதுமாக இருந்தார். டாக்டரிடம் கேட்டேன். இவ்வளவு இறங்கும், ஒரு வாரம் பொறுத்தால் உடம்பு ஈடுகட்டும், ஒன்பதுக்குக் கீழே போனால் நிறுத்துங்கள் என்றார். அந்த வாரம் ஏழு நாளும் எங்கள் நான்கு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்றால் மிகையில்லை. அடுத்த செவ்வாய் பத்து புள்ளி ஒன்பது. நான்காம் வாரம் பதினொன்றரை. எண்ணைச் சொல்ல நான் தெருமுனை திரும்பும்போதே அக்கா வாசலில் நின்றுகொண்டிருப்பார். விரலால் காற்றில் எழுதிக் காட்டுவேன்.

மூன்று மணிக்கு வருகிற அந்தக் குளிர் வரவே இல்லை. ஆனால் அது எதற்கும் சாட்சி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ரத்தத்தில் இருப்பதைத்தான் நான் பார்க்க முடியும். கல்லீரலுக்குள் தூங்குவதைக் காட்டுகிற கண்ணாடி எங்கும் இல்லை. ஒரு வருடம் வராமல் இருந்தால் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை அவர்களிடம் மறைக்காமல் சொன்னேன். கம்பிக்காரர் கொஞ்சம் யோசித்தார்.

"எங்க மேஸ்திரி மாதிரிதான். தூங்குறாரா, இல்ல கண்ண மூடிக்கிட்டு நம்மளப் பாக்குறாரான்னு யாருக்கும் தெரியாது. நாம நம்ம வேலையப் பாக்க வேண்டியதுதான்."

எட்டாவது ஞாயிறும் வந்து போனது. திங்கட்கிழமை காலை வேலைக்குப் புறப்பட்டுக் கீழே இறங்கினேன். கம்பிக்காரர் சுவரோரம் உட்கார்ந்து புதிய கட்டுக்கம்பியைச் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தார். சின்னவள் வேலைக்குப் போயிருந்தாள். ஜன்னலில் புட்டி வெயிலில் நின்றது. பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது; அக்காவைச் சுற்றி நீலத் துணி மலையாகக் கிடந்தது.

"பாத்தீங்களா அக்கா?" என்றேன், ஜன்னலைக் காட்டி.

"எத?" தலை நிமிரவில்லை, கால் மிதித்துக்கொண்டே இருந்தது. பிறகுதான் நான் கேட்டது உறைத்திருக்க வேண்டும். ஒரு கணம் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஊசிக்கடியில் கழுத்துப்பட்டை வளைவுக்கு வந்திருந்தது. விட்டால் கோணிவிடும்.

"கை வேலையா இருக்கேன்," என்றார். "நீயே ஒரு எட்டு பாத்துட்டுப் போயேன்."